சார், மணி என்ன?

எங்கள் ஹெட் கிளார்க்கின் முகம் எனக்கு இப்போது சரியாக நினைவில் இல்லை. மீசை வைத்திருந்தாரா, வழித்திருந்தாரா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவருடைய இடது மணிக்கட்டை இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். கருத்த, முடி அடர்ந்த கை. அதில் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. பல வருஷம் வாட்ச் கட்டி, ஒரு நாள் அது இல்லாமல் போன இடம். அந்தப் பட்டையை நான் இரண்டு வருஷம் தினமும் பார்த்தேன், பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இதை எழுதுவதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. எழுபத்தைந்தைத் தாண்டியவன், எல்லாரையும் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது பொய். நான் நாசரேத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் பிறந்தவன், பொய் சொன்னால் அப்பா உள்ளங்கையில் பிரம்பால் அடிப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடி பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் தற்காலிக டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அப்போது புதிய துறைமுகம் வரவில்லை. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளிக் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். உப்பும் பருத்தியும் தோணியில் போய் ஏறும். ஆபீஸிலிருந்து ஒருவர் லாஞ்சில் போய்க் கப்பலில் ஏறி, கேப்டனோடு பேசி, காகிதங்களில் கையெழுத்து வாங்கி வருவார். அவருக்குப் பெயர் போர்டிங் கிளார்க். அவர் கப்பல் பிஸ்கட்டும் வெளிநாட்டு சிகரெட்டு டப்பாவுமாகத் திரும்பி வருகிற அழகைப் பார்ப்பதற்கென்றே நான் டைப் அடிப்பதை நிறுத்துவேன். என் மேஜை இருந்தது ஜன்னல் இல்லாத பின்னறையில். கடல் நூறு அடியில் இருந்தது, சத்தம் மட்டும் கேட்கும்.

ஆபீஸ் முழுவதும் ஹெட் கிளார்க் கையில். முதலாளி வாரத்துக்கு ஒரு முறை வந்து போவார். ஹெட் கிளார்க்குக்கு வேலையில் சுணக்கம் கிடையாது, அதைச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருஷம் உழைத்ததற்காக முதலாளி அவருக்கு ஒரு சுவிஸ் வாட்ச் பரிசளித்திருந்தார். பின்பக்கம் அவர் பெயரும் 'உண்மை ஊழியத்துக்கு' என்ற வாசகமும் பொறித்தது. அதை யார் வந்தாலும் கழற்றித் திருப்பிக் காட்டுவார். வாட்சுக்கு அடுத்தபடியாக அவருக்குப் பிடித்தது சீட்டு. மத்தியானம் சாப்பிட்ட கையோடு அவருடைய பெரிய மேஜையில் மூன்று சீட்டு ஆட்டம் தொடங்கிவிடும். காசு வைக்க மாட்டார்கள். தீக்குச்சிதான் பந்தயம், வாரக் கடைசியில் தோற்றவர் எல்லாருக்கும் முந்திரிப் பலகாரம், எங்கள் ஊர் மக்ரூன், வாங்கித் தர வேண்டும். நான் சேர்ந்ததிலிருந்து ஹெட் கிளார்க் மக்ரூன் வாங்கி நான் பார்த்ததில்லை.

நன்றாகத்தான் ஆடினார். சீட்டைப் பார்க்க மாட்டார், சீட்டைப் பார்க்கிறவன் மூஞ்சியைப் பார்ப்பார். யாருக்கு நல்ல சீட்டு வந்தால் காது சிவக்கும், யார் பொய்யாகப் பந்தயம் கட்டும்போது பீடியை மறுபடி பற்றவைப்பார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஜெயித்ததும் நெற்றிப்பொட்டில் விரலால் தட்டிக்கொண்டு, "இது வேணும்வே, இது" என்பார். தப்பித் தவறி வேறு யாராவது ஜெயித்துவிட்டால் மேலே விட்டத்தைக் காட்டி, "லக்குவே ஒமக்கு" என்பார். அவர் ஜெயித்தால் மூளை, மற்றவன் ஜெயித்தால் அதிர்ஷ்டம். சீட்டில் மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். நான் ஆங்கிலக் கடிதம் ஒன்றைப் பிழையில்லாமல் எழுதி, கப்பல் கம்பெனியிலிருந்து பாராட்டு வந்தபோதும் அவர் விட்டத்தைத்தான் காட்டினார்.

நான் அந்த ஆட்டத்தில் உட்கார்ந்ததில்லை. எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டை அப்பா சாத்தானின் படப்புத்தகம் என்பார். ஹெட் கிளார்க்குக்கு அது நல்ல கேலிப்பொருள். "நாசரேத்துப் பிள்ளைக்கு சீட்டக் காட்டாதிய, அப்புறம் பாவமன்னிப்புக்கு நாமதான் போவணும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லுவார். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பேன். தற்காலிக வேலைக்காரன் வேறென்ன செய்வான்.

அந்த ஆபீஸில் எந்த முடிவுக்கும் சீட்டு எடுக்கிற வழக்கம் இருந்தது. தீபாவளிக்கு யாருக்கு லீவு, ஞாயிற்றுக்கிழமை லாஞ்சில் யார் போவது, எல்லாவற்றுக்கும் அதுதான். கட்டைக் குலைத்து மேஜைமேல் ஒரே வரிசையாகக் கவிழ்த்துப் பரப்புவார் ஹெட் கிளார்க். ஆளுக்கு ஒன்று உருவ வேண்டும், பெரிய சீட்டு எடுத்தவன் சொன்னதுதான். பழைய போர்டிங் கிளார்க் ஓய்வுபெற்றபோது அந்த இடத்துக்கு இரண்டு பேர் நின்றோம். ஒன்று நான். இன்னொன்று ஹெட் கிளார்க்கின் அக்கா மகன், என் வயதுதான், எனக்குப் பிறகு ஆறு மாதம் கழித்து வேலைக்கு வந்தவன். முதலாளி, ரெண்டு பேரில் ஒருவரைப் போடும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆங்கிலம் எனக்குத்தான் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஹெட் கிளார்க் கையை விரித்தார். "நான் ஒருத்தனச் சொன்னா அக்கா மவனுக்குச் செஞ்சிட்டான்பிய. நமக்கெதுக்கு? சீட்டே சொல்லட்டும்."

அந்த வேலை எனக்கு வெறும் லாஞ்ச் சவாரி இல்லை. நிரந்தர வேலை. சாத்தான்குளத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசி முடிக்கிற நிலையில் இருந்தது. பெண்ணின் அப்பா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "பெர்மனன்ட் ஆயிருச்சா தம்பி?" அடுத்த மாதம் ஆகிவிடும் என்று சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பெண் காப்பி கொண்டுவந்து வைக்கும்போது டம்ளரின் சூடு தாங்காமல் சட்டென்று கையை உதறி, யாரும் பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தாள். நான் பார்த்தேன், அவளும் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது. அது போதுமானதாக இருந்தது.

"படிச்ச பிள்ள, நீயே மொதல்ல எடு" என்றார் ஹெட் கிளார்க். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. நான் வாழ்க்கையில் தொட்ட முதல் சீட்டு அதுதான். மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டு நடுவிலிருந்து ஒன்றை உருவினேன். டைமண்ட் ராஜா. பக்கத்தில் நின்றவர்கள் முதுகில் தட்டினார்கள். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அக்கா மகன் மேஜைக்கு வந்தான். உடனே எடுக்கவில்லை. வலது கை ஆள்காட்டி விரலைச் சீட்டு வரிசையின் மேலோரத்தில் வைத்து, இந்த முனையிலிருந்து மெதுவாக ஓட்டிக்கொண்டே போனான். பயப்படுகிறான், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். முக்கால்வாசி தூரத்தில் விரல் நின்றது. உருவினான். ஸ்பேடு ஏஸ். ஹெட் கிளார்க் என் தோளில் கை வைத்து, "லக்கு இல்லன்னா யாரு என்ன செய்ய முடியும் தம்பி" என்றார். அந்தக் கையில் வாட்ச் ஓடுகிற சத்தம் என் காதுக்குக் கேட்டது.

சாத்தான்குளத்துச் சம்பந்தம் இரண்டு மாதத்தில் முறிந்துபோனது. அதைப் பற்றி நீட்டி எழுத மாட்டேன். பிறகு எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, நல்ல மனைவியோடு நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தேன். அது வேறு கணக்கு. பின்னறையில் டைப் அடித்துக்கொண்டு, அக்கா மகன் லாஞ்சிலிருந்து இறங்கி ஆபீஸுக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டு இருந்த அந்த வருஷங்களில் ஒரு கேள்வி என்னைத் தின்றது. நான் தோற்றது அதிர்ஷ்டத்திடமா, ஆளிடமா? அதிர்ஷ்டம் என்றால் அழுதுவிட்டுப் போகலாம். ஆள் என்றால் அவனை விடக் கூடாது. எனக்குச் சீட்டைப் பற்றி எதுவுமே தெரியாததால் எது என்று சொல்ல முடியவில்லை. அதனால் படிக்க ஆரம்பித்தேன்.

நான் படித்த இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வெளிநாட்டு மாலுமிகளுக்காக மிஷன்காரர்கள் ஒரு வாசகசாலை நடத்திவந்தார்கள். பைபிள்களுக்கும் பழைய பத்திரிகைகளுக்கும் நடுவில், எந்த மாலுமியோ விட்டுப்போன சீட்டாட்ட விதிப் புத்தகம் ஒன்று அட்டையில்லாமல் கிடந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து அங்கே உட்கார்ந்து அதைப் படிப்பேன். அதில் கப்பல்காரர்கள் ஆடுகிற போக்கர் இருந்தது. நம்முடைய மூன்று சீட்டுக்குப் பெரியப்பா வீட்டுப் பிள்ளை மாதிரியான ஆட்டம். ஆளுக்கு ஐந்து சீட்டு, வேண்டாததைக் கீழே போட்டு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். ஜோடியும் வரிசையும் கலரும் அதிலும் உண்டு. ஒரு வித்தியாசம் என்னைத் தூக்கி நிமிர்த்தியது. மூன்று சீட்டில், அடுத்தடுத்த எண்ணாக வருகிற வரிசை, ஒரே ஜாதிச் சீட்டாக வருகிற கலரை வெட்டும். ஐந்து சீட்டில் தலைகீழ். அங்கே கலர்தான் வரிசையை வெட்டும். ஏன் என்று ஒரு ஞாயிறு முழுக்கப் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். மூன்று சீட்டில் வரிசை அமைவது கஷ்டம், ஐந்து சீட்டில் கலர் அமைவது கஷ்டம். கஷ்டப்பட்டு வருவதற்குத்தான் மதிப்பு. புத்தகம் நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் ஆபீஸில் யாருக்கும் இது தெரியாது, தெரிந்துகொள்ள அவர்களுக்குத் தேவையும் இருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. எதற்குப் பயன்படும் என்று அன்று எனக்கும் தெரியாது.

புதிய துறைமுகம் வந்து கப்பல்கள் கரையோடு வந்து கட்ட ஆரம்பித்த பிறகு, ஒரு ஐப்பசி மாதம், உப்பு ஏற்ற ஒரு கிரேக்கக் கப்பல் வந்தது. மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டால்தான் உப்பு ஏறும். அக்கா மகன் மஞ்சள்காமாலை வந்து ஊரில் படுத்திருந்தான். அதனால் காகிதங்களைத் திருத்தி அடிப்பதற்காக டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு ஹெட் கிளார்க்கோடு நான் கப்பலுக்குப் போனேன். வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருஷம் கழித்து முதல் முறையாக ஒரு கப்பல் ஏணியில் கால் வைத்தேன். சந்தோஷப்படக்கூட மனம் வரவில்லை.

கேப்டன் நரைத்த தாடிக்காரர். வேலையில்லாமல் தன் அறையில் சீட்டைக் குலைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடவே என்ஜினியர் ஒருவர். ஹெட் கிளார்க்கின் கண் சீட்டுக்கட்டுக்குப் போனதைக் கேப்டன் கவனித்து, போக்கர் தெரியுமா என்று கேட்டார். ஹெட் கிளார்க் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அவர்கள் ஆடுவதைப் பார்த்தார். பிறகு தன் ஆங்கிலத்தில், "ஆல் ஸேம் கேப்டன். ஒன்லி டூ கார்டு எக்ஸ்ட்ரா" என்றார். மூலையில் ஒரு சிறு மேஜையில் டைப்ரைட்டரைத் திறந்துகொண்டிருந்த எனக்கு அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கை ஒரு நிமிஷம் ஓடவில்லை.

மத்தியானம் முழுவதும் ஆடினார்கள். தீக்குச்சிதான் பந்தயம். உண்மையைச் சொல்ல வேண்டும், ஹெட் கிளார்க் அன்று ஆடிய ஆட்டத்தைப் போல நான் பிறகு பார்த்ததே இல்லை. பாஷை புரியாத இரண்டு பேரின் மூஞ்சியை அரைமணி நேரத்தில் படித்துவிட்டார். என்ஜினியர் பொய்ப் பந்தயம் கட்டும்போது கால் ஆடுகிறது என்பதையும், கேப்டனுக்கு நல்ல சீட்டு வந்தால் தாடியைத் தொட மாட்டார் என்பதையும் கண்டுபிடித்து, எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே ஆடினார். தீக்குச்சி எல்லாம் அவர் பக்கம் குவிந்தது. "இது வேணும்வே" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். கேப்டனும் தலையாட்டி ஒத்துக்கொண்டார். வரிசையும் கலரும் நேருக்கு நேர் வருகிற ஆட்டம் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. நான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காத்திருந்தேன்.

கடைசி ஆட்டம் என்றார் கேப்டன். சுவரில் மாட்டியிருந்த தன் பைனாகுலரை எடுத்து மேஜைமேல் வைத்தார். பித்தளை வளையம் போட்ட கனமான பைனாகுலர். ஹெட் கிளார்க் வந்ததிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதிலுக்கு என்ன என்று கேப்டன் கண்ணால் கேட்டார். ஹெட் கிளார்க் ஒரு நிமிஷம் யோசித்து, வாட்சைக் கழற்றித் தன் முன்னால் வைத்தார். சீட்டு பிடிக்காதவர் கவிழ்த்துவிட்டு விலகிக்கொள்ளலாம், பொருளைத் தள்ளிவிட்டால் பந்தயம் உறுதி. என்ஜினியர் இரண்டு பேருக்கும் சீட்டு போட்டார். ஆளுக்கு ஒரு சீட்டு மாற்றிக்கொண்டார்கள். ஹெட் கிளார்க் நாற்காலியை என் பக்கம் சாய்த்து, சீட்டை எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி பிடித்தார். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. பத்து அப்போதுதான் வந்தது. "பாத்தியால" என்றார் மெதுவாக. "அவன் கலருக்கு ஒரு சீட்டு வாங்கிருக்கான். வந்துட்டு, தாடியத் தொட மாட்டேங்கான் பாரு. வரட்டுமே. எங்கிட்ட வரிசை இருக்குல்லா."

அவர் கணித்தது அத்தனையும் சரி. கேப்டனிடம் கலர் இருந்தது. அதைச் சீட்டைப் பார்க்காமலே சொன்னார் பாருங்கள், அது திறமை. பத்து வந்து விழுந்தது அதிர்ஷ்டம். இரண்டும் அன்று அவர் பக்கம்தான் இருந்தன. அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, அது என் வாயில் இருந்தது. 'சார், இதுல அப்படி இல்ல.' நாலு வார்த்தை. அவர் கை வாட்சைக் கேப்டன் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது, தமிழில் சொன்னால் யாருக்கும் புரியாது, சீட்டைக் கவிழ்த்துவிட்டுத் தப்பித்திருப்பார். நான் டைமண்ட் ராஜாவை நினைத்தேன். டம்ளர் சூட்டில் உதறிய ஒரு கையை நினைத்தேன். நினைத்துக்கொண்டே டைப் அடித்தேன். நிற்காமல் அடித்தேன்.

ஹெட் கிளார்க் வரிசையை மேஜையில் விரித்துவிட்டுப் பைனாகுலரை எடுக்கக் கை நீட்டினார். கேப்டன் தன் ஐந்து சீட்டையும், ஐந்தும் ஆர்ட்டின், விரித்துவிட்டு வாட்சை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே மற்றவர் வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தார்கள். பிறகு ஹெட் கிளார்க் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏலே, என்ன சொல்லுதாரு? இங்கிலீஸ்ல கேளு." நான் எழுந்து, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு கேப்டனிடம் கேட்டேன். பதிலைத் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "அஞ்சு சீட்டுல கலர்தான் பெருசுன்னு சொல்லுதாரு சார். ஒலகம் பூரா அதான் சட்டமாம்." அவர் கேப்டன் கையிலிருந்த வாட்சைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமாலே?" என்றார். "எனக்கு சீட்டப் பத்தி என்ன சார் தெரியும்? நான் நாசரேத்துக்காரம்லா" என்றேன்.

திரும்பி வரும்போது வேனின் கண்ணாடியில் மழை அடித்துக்கொண்டிருந்தது. வெறும் மணிக்கட்டை வலது கையால் மூடிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உப்பளம் தாண்டியதும், "லக்கு இல்ல" என்றார். தன்னைப் பற்றி அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஆமா சார்," என்றேன், "லக்கு இல்லன்னா யாரு என்ன செய்ய முடியும்."

மூன்று நாள் கழித்து மழை விட்டு உப்பு ஏறி, கப்பல் புறப்படுகிற அன்று கடைசிக் காகிதங்களோடு நான் தனியாகப் போனேன். கையெழுத்துப் போட்டு முடித்த கேப்டன் மேஜை இழுப்பறையைத் திறந்து வாட்சை எடுத்து என் முன்னால் வைத்தார். "அன்றைக்கு நீ அவ்வளவு வேகமாக டைப் அடித்தாயே," என்றார் ஆங்கிலத்தில், "மெஷினில் காகிதமே இல்லை." அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அந்த அறையில் நன்றாக ஆடியவன் நீதான். இதை அவரிடம் கொடு, கொடுக்காமல் இரு. அது உன் ஆட்டம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

கொடுத்துவிடலாம் என்றுதான் ஆபீஸுக்கு வந்தேன். சத்தியமாக. கால்சட்டைப் பையில் கையை விட்டு வாட்சைப் பிடித்துக்கொண்டே அவர் மேஜைமுன் போய் நின்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர், பழக்கதோஷத்தில் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளைப் பட்டைதான் இருந்தது. சட்டென்று கையை மேஜைக்கடியில் இறக்கினார். அந்த ஒரு அசைவைப் பார்த்ததும் எனக்குள் இருந்த கசப்பெல்லாம் ருசியாகிவிட்டது. என் வாய் தானாகக் கேட்டது: "சார், மணி என்ன?" அவர் தலைக்கு மேலே சுவரில் ஆபீஸ் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அவர் மேஜைக்குக் காகிதம் கொண்டுபோகும்போது கேட்பேன். குரலில் ஒரு குறையும் வைக்க மாட்டேன், அவ்வளவு பணிவு. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று ஆபீஸில் சொல்லிவைத்திருந்தார். முதலாளி ஒரு தடவை, "எந்தக் கடையிலவே இத்தன மாசமா ரிப்பேர் பாக்கான்? சீட்டக் குடும், நான் வாங்கியாரேன்" என்றார். முதலாளி கேட்டது கடை ரசீதை. ஆனால் 'சீட்டு' என்ற சொல்லுக்கே ஹெட் கிளார்க் உதறிப்போனதை நான் பார்த்தேன். மேஜையில் மத்தியான ஆட்டம் நின்றுபோனது. ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கும்போதே போய்விடுகிறேன் என்று முதலாளிக்குக் கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தையும் நான்தான் டைப் அடித்தேன். அப்போது மெஷினில் காகிதம் இருந்தது.

அவர் போன பிறகு அவருடைய மேஜையை ஒழித்தபோது அடித்தட்டில் அந்தப் பழைய சீட்டுக்கட்டு கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன். ஸ்பேடு ஏஸ் மற்றதைவிட ஒரு மயிரிழை குட்டை. வரிசையாகப் பரப்பி மேலோரத்தில் விரலை ஓட்டினால் அந்த இடத்தில் சின்னப் பள்ளம் தட்டும். கிடைத்ததடா என்று நினைத்தேன். ஆனால் மனசு அத்தோடு விடவில்லை. பழைய கட்டு, ஓரம் தேய்ந்திருக்கலாம். மக்ரூன் ஆட்டத்துக்காக அவர் பிறகு எப்போதாவது வெட்டியிருக்கலாம். அக்கா மகன் அன்று விரலை ஓட்டியது பயத்தில்தான் என்றால்? அவனுக்குக் கிடைத்தது நிஜமாகவே அதிர்ஷ்டம் என்றால்? அப்படியானால் ஒன்றும் செய்யாத ஒரு மனிதரை நான் இரண்டு வருஷம் தினமும் குத்தியிருக்கிறேன். இந்தச் சந்தேகத்தால்தான் அந்த வாட்சை நான் ஒரு நாளும் கட்டியதில்லை. தினமும் காலையில் சாவி கொடுத்து மறுபடி டப்பாவில் வைப்பேன். ஹெட் கிளார்க் இறந்தபோது அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கிடத்தியிருந்தவரின் கையைப் பார்த்தேன், மணிக்கட்டு முழுக்க ஒரே நிறமாகியிருந்தது. மாலையைப் போட்டுவிட்டு வாட்சோடு திரும்பி வந்தேன்.

போன மாதம் அக்கா மகன் என்னைத் தேடி மாப்பிள்ளையூரணியில் என் வீட்டுக்கு வந்தார். இப்போது அவரும் கிழவர், மூட்டுவலி, படி ஏற மகன் கைகொடுக்க வேண்டியிருந்தது. மகன் வெளியே வண்டியில் உட்கார்ந்துகொண்டான். ஹெட் கிளார்க்கின் பேரனுக்குக் கல்யாணமாம். தாத்தா வாட்சைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார ஆசைப்படுகிறானாம். "மாமா சாவதுக்கு முந்தி எங்கிட்டச் சொன்னாவ. அது டைப்பிஸ்ட்டுகிட்டதான் இருக்கும், நான் போய்க் கேக்க மாட்டேன்னாவ" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் நான் கேட்டபோது தெரிந்தே உட்கார்ந்திருக்கிறார்.

நான் மறுக்கவில்லை. வாட்சை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பழைய சீட்டுக்கட்டை எடுத்துக் குலைத்து, ஒரே வரிசையாகக் கவிழ்த்துப் பரப்பினேன். "சும்மா குடுத்தா மரியாத இல்ல. நம்ம ஆபீஸ் வழக்கப்படியே செய்வோம். எங்கிட்ட இருக்கிறத விடப் பெரிய சீட்டு எடுத்தா வாட்ச் ஒங்களுக்கு. நீங்களே மொதல்ல எடுங்க" என்றேன். அவர் சிரித்தார். "இன்னும் அத மறக்கலியா" என்று மேஜைப் பக்கம் குனிந்தார்.

அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் சீட்டு வரிசையின் மேலோரத்தில் போய் உட்கார்ந்தது. இந்த முனையிலிருந்து மெதுவாக ஓடியது. அந்த முனைவரை போனது. நிற்கவில்லை. திரும்பி வந்தது. மறுபடியும் போனது. ஐம்பது வருஷம் ஆகியும் விரல் மறக்கவில்லை, அவருக்கே தெரியாமல் தேடியது. நடுவில் ஒரு இடத்தில் அவருக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று புரிந்தது. விரல் அப்படியே நின்றது. கட்டைக் கொண்டுவரும்போதே பிரித்துச் சட்டைப் பையில் போட்டிருந்த ஸ்பேடு ஏஸை நான் எடுத்து அந்த விரலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதத்தான தேடுதிய?"

அவர் எந்தச் சீட்டையும் எடுக்கவில்லை. எழுந்திருக்கச் சிரமப்பட்டார், நான் கைகொடுக்கவில்லை. வாசலில் அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கேட்டேன், "மணி என்ன?" திரும்பிப் பார்க்காமல் போய் வண்டியில் ஏறினார்.

அன்றைக்குத்தான் முதல் முறையாக வாட்சை எடுத்து இடது கையில் கட்டினேன். வாரில் அவர் போட்டுப் போட்டு அகன்றுபோன மூன்றாவது ஓட்டை எனக்கும் சரியாக இருந்தது. இப்போது தினமும் கட்டிக்கொண்டு காலையில் உப்பளப் பாதையில் வெயிலில் நடக்கிறேன். இந்த ஊர் வெயிலுக்கு இரண்டு மாதம் போதும். அப்புறம் ஒரு நாள் கழற்றிப் பார்க்க வேண்டும், பட்டை விழுந்திருக்கிறதா என்று.